முட்டைக்காரிகள்

“இதுக்கு முட்டை இருந்திருக்கு. இங்க பாருங்க, பசை இன்னும் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு.”

“இருந்திருக்கும் கண்ணு. குஞ்சு பொரிச்சுப் போயிருக்கும்.”

“அக்டோபர்லயா?”

படகுக்காரன் லைமன் கையை நீட்டினான். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல அந்தப் பெண்ணின் கையிலிருந்த சிங்கி இறாலை மெதுவாக வாங்கி, படகின் விளிம்புக்கு வெளியே தண்ணீரில் விட்டான். பிறகு திரும்பிப் பார்க்காமல் அடுத்த மிதவையைக் கொக்கியால் இழுத்து, கயிற்றை உருளையில் சுற்றினான்.

ஆர்டிஸ் இரைத் தொட்டியின் பக்கத்தில் நின்று உப்பு மீனை வலைப்பைகளில் திணித்துக்கொண்டிருந்தாள். கை தன் போக்கில் வேலை செய்ய, அவள் கணவனின் முதுகையே பார்த்தாள். இந்தத் தண்ணீரில் குஞ்சுகள் கோடையின் தொடக்கத்தில் வெளியேறும். கோடை முடியும்போது புது முட்டைகள் வாலடியில் வந்து ஒட்டும். குளிர்காலம் முழுக்க அவை அங்கேயேதான் இருக்கும். துறையில் ஓடித் திரிகிற பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் இது. லைமன் பொய் சொன்னது அவளைப் பயமுறுத்தவில்லை. இவ்வளவு மட்டமாகச் சொன்னதுதான் பயமுறுத்தியது. பழக்கமில்லாத ஒருவன், வேறு வழியில்லாமல் சொல்கிற பொய்.

அந்தப் பெண்ணின் பெயர் மரிசோல். கடல் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறவள். பருவத்தில் சில நாட்கள் ஏதாவது ஒரு படகில் ஏறிக்கொள்வாள். மேலே வருகிற ஒவ்வொரு சிங்கியையும், ஆணோ பெண்ணோ, விற்கிற அளவோ குட்டியோ, பித்தளை அளவுகோலை வைத்து அளந்து, மார்பில் செருகியிருக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் முணுமுணுப்பாள். கடலே இல்லாத நியூ மெக்ஸிகோவில் பிறந்தவள். காலையில் படகு கிளம்பியபோது லைமன் அவளைச் சீண்டினான். “உங்க ஊர்ல கடல்னா, குழாய் உடைஞ்சு தெருவுல நிக்கிற தண்ணிதானே?” அவள் சிரித்தாள். “அதுலயும் யாராவது ஒருத்தர் கூண்டு போட்டுட்டு, இது எங்க தாத்தா எடம்னு சொல்லுவாரு.” லைமனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தன் டோனட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். இப்போது அதே மனிதன் அவளுக்குப் பக்கவாட்டில்கூடத் திரும்பாமல் நிற்கிறான்.

கூண்டு மேலே வந்து விளிம்பில் தட்டியது. லைமன் கதவைத் திறந்து கைவிட்டான். பெரியது ஒன்று. இடது கொடுக்கின் நுனி உடைந்து, ஒரு மீசை பாதியோடு நின்றது. அவன் அதைக் கண்ட கணத்தில் கை தானாகவே படகோரம் தொங்கிய வெட்டுக் குறடை எடுத்தது. வாலின் நடு மடலுக்கு வலதுபுற மடலில் ஒரு முக்கோண வெட்டு. அடுத்த நொடி சிங்கி கடலில் விழுந்துவிட்டது.

மரிசோலின் நீட்டிய கை அப்படியே நின்றது. “நான் அளக்கலையே.”

“மறந்துட்டேன், கண்ணு. பழக்கதோஷம்.”

“முட்டைக்காரியா?”

“ஆமா.”

ஆனால் அது விழும்போது வால் விரிந்ததை ஆர்டிஸ் பார்த்திருந்தாள். வாலடி மொட்டையாக இருந்தது. ஒரு முட்டை இல்லை.

முட்டை சுமக்கிற சிங்கிக்குத்தான் அந்த வெட்டு. அவளை விற்கக்கூடாது. அவள் முட்டையில்லாமல் அடுத்த தடவை வந்தாலும், இன்னொருவன் கூண்டில் வந்தாலும், அந்த வெட்டைப் பார்த்தால் யாரும் விற்கக்கூடாது. அவள் கடலுக்கே எழுதிவைக்கப்பட்டவள். சட்டம் வருவதற்கு முன்பே இந்தக் கரைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. முட்டை இல்லாத ஒன்றை எவனும் வெட்டமாட்டான். நல்ல சிங்கியைக் காலத்துக்கும் கைகழுவுகிற காரியம். லைமன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலடியைப் பார்க்காமலேயே அவள் முட்டைக்காரி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே பார்த்திருந்தால் மட்டும்தான் தெரியும். முட்டையோடு.

மரிசோல் கருவியில் எதையோ முணுமுணுத்தாள். உருளையின் சத்தத்தில் ஆர்டிஸுக்குக் கேட்கவில்லை. கேட்காததே பெரிதாகக் கேட்டது.

துறைக்குத் திரும்பும்வரை மூன்று பேரும் கடலையும் கரையையும் பற்றி மட்டும் பேசினார்கள். எடை போடும் மேடையில் டெல்பர்ட் தன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துப் படகுக்காரன். அவனுக்கும் லைமனுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளி. கூண்டு போடும் எல்லையில் பழைய சண்டை ஒன்றும் உண்டு.

“என்னடா லைமன், படகுல கவர்மென்டை ஏத்திக்கிட்டுப் போனியாமே? அதான் குளிச்சிருக்க போல.”

“உன்னை ஏத்தினா அவங்களும் குளிக்கணுமே.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. டெல்பர்ட் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, உள்ளேயிருந்த தண்ணீரைக் கொட்டினான். யாரையும் பார்க்காமல் பேசினான். “கெழக்குப் பக்கம் வர்ற பொம்பளைச் சிங்கி எல்லாம் வாலடி மொட்டையா வருது. எவனோ துடைக்கிறான்.”

மேடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துடைக்கிறவன் என்பது அந்தத் துறையின் மிக அசிங்கமான சொல். முட்டைக்காரியை ப்ளீச் தண்ணீரில் முக்கி, பிரஷ்ஷால் முட்டையைத் தேய்த்தெடுத்து, சாதாரணச் சிங்கி என்று விற்கிறவன். திருடனோடு சேர்ந்து குடிப்பார்கள், குடிகாரனைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விடுவார்கள். துடைக்கிறவன் பக்கத்தில் யாரும் படகு கட்டமாட்டார்கள்.

“எங்கப்பா காலத்துல ஒருத்தன் துடைச்சான்,” என்றான் டெல்பர்ட். “ஒரு நாள் காலையில பார்த்தா அவன் கயிறு அத்தனையும் அறுந்து கெடந்துச்சு. கூண்டெல்லாம் அடியிலயே போச்சு. அடுத்த வசந்தத்துல வீட்டையும் வித்துட்டுப் போயிட்டான்.” அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்து, லைமனின் படகின் பின்பக்கம் எழுதியிருந்த பெயரைப் பார்த்தான். “ஆர்டிஸ். நல்ல பேரு. பெயின்ட் புதுசா?”

“பழசுதான்,” என்றாள் ஆர்டிஸ். “உன் கண்ணைத்தான் துடைச்சிக்கணும்.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன சொல் வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

கல்யாணமான வருஷத்திலேயே லைமன் அந்தப் பெயரை எழுதினான். சுருள் சுருளாக வளைந்த மஞ்சள் எழுத்துகள். இந்தக் கரையில் எல்லாப் படகுகளும் யாரோ ஒரு மனைவியோ மகளோதான். அந்தப் படகைப் பற்றி யார் என்ன பேசினாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் பேசவேண்டும். ‘ஆர்டிஸ் இன்னிக்கு நல்லா வாரிட்டா.’ ‘ஆர்டிஸுக்கு எஞ்சின் போச்சு.’ நாளைக்கு ‘ஆர்டிஸ் துடைக்கிறா’ என்றும் சொல்வார்கள்.

மரிசோல் வண்டிக்குப் பக்கத்தில் ஆர்டிஸுக்காகக் காத்திருந்தாள். மழைக்கோட்டைக் கழற்றிய பிறகு இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

“நான் போலீஸ் இல்ல,” என்றாள்.

“போலீஸா இருக்கறவங்கதான் அதை முதல்ல சொல்லுவாங்க.”

“நான் அளக்கறதுல யார் பேரும் இருக்காது. எந்தப் படகுன்னும் இருக்காது. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும், மொட்டையா வந்தது. எடுத்துட்டுப் போக அனுமதி இருக்கு. வாலடியில இருக்கிற முடியிலதான் முட்டை ஒட்டியிருக்கும். பிரஷ்ல தேய்ச்சிருந்தா முடி ஒடிஞ்சு கெடக்கும். தானா உதிர்ந்திருந்தா முடி முழுசா இருக்கும், பசை மட்டும் நூல் நூலா தொங்கும். மைக்ரோஸ்கோப்புல வெச்சா உடனே தெரிஞ்சிடும்.”

“தானா உதிருமா?”

“கொஞ்சம் எப்பவுமே உதிரும். இப்படி மொத்தமா உதிருமான்னு தெரியல. அடித்தண்ணி சூடானதால இருக்கலாம், வேற ஏதாவது நோயா இருக்கலாம். யாரோ தேய்ச்சதாவும் இருக்கலாம். எங்களுக்கே தெரியலங்க. அதனாலதான் கேக்கறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “முதல்ல மொட்டையா வந்த சிங்கி இருக்கே, அதோட வால் ஓரம் வெளுத்திருந்தது. ப்ளீச் பட்டா அப்படித்தான் வெளுக்கும். நான் யார்கிட்டயும் சொல்லல.”

இன்னும் சொல்லவில்லை என்பதா, சொல்லவே மாட்டேன் என்பதா? ஆர்டிஸ் அந்தச் சின்ன முகத்தில் தேடினாள். நல்லவளாகத்தான் தெரிந்தாள். நல்லவளாகத் தெரிவதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களோ என்னவோ.

“பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வீட்டில் லைமன் சூப்பை நின்றுகொண்டே குடித்தான். பெரிய படகைக் கட்டியிருக்கும் மிதவையின் சங்கிலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சின்னப் படகின் துடுப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆகஸ்ட் முடிந்ததிலிருந்தே இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய படகைத் தனியாக எடுத்துக்கொண்டு போகிறான். கேட்டால் எஞ்சினுக்கு ஓட்டம் வேண்டும் என்கிறான். சாயங்காலங்களில் சங்கிலி. எந்தச் சங்கிலியையும் ஒரு மனிதன் இவ்வளவு அன்போடு பார்த்துக்கொண்டதில்லை. முதலில் அவள் இன்னொரு பெண்ணோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். லைமனிடம் இப்போதும் மீன் நாற்றம்தான் வந்தது, வேறு வாசனை இல்லை. பிறகு போன வாரம் படகில் எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் அவள் வாங்காத ப்ளீச் புட்டி ஒன்று இருந்தது. பாதி காலியாக.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள மரங்களுக்குள் நடந்தாள். ஸ்ப்ரூஸ் மரங்களின் ஊசியிலைகள் தரையெல்லாம் மெத்தென்று கிடந்ததால் நடை சத்தமில்லாமல் இருந்தது. சத்தமில்லாமல் நடப்பதே வெட்கமாக இருந்தது. தன் சொந்த நிலத்தில், தன் சொந்தக் கணவனுக்குப் பின்னால். வேண்டுமென்றே ஒரு காய்ந்த கிளையை மிதித்து ஒடித்தாள். அப்புறம் நின்று, அவனுக்குக் கேட்டுவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

பின்பக்கத்துக் குடாவில் யாரும் படகு கட்டுவதில்லை. தண்ணீர் வடிந்து, பாறைகள் கடற்பாசியைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. லைமன் சின்னப் படகில் மண்டியிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பலகைச் சட்டங்கள் அடித்த பெரிய பெட்டி ஒன்று பாதி மேலே வந்தது. பிடித்த சிங்கிகளை விலை ஏறும்வரை தண்ணீருக்குள் உயிரோடு வைத்திருக்கிற பெட்டி. அவன் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்தான். திருப்பினான். முகத்துக்கு மிக அருகே வைத்துப் பார்த்தான்.

“சங்கிலி எப்படி இருக்கு, கேப்டன்?”

அவன் திடுக்கிடவில்லை. நெடுநேரமாக எதிர்பார்த்திருந்தவன் மாதிரித் தோள்கள் மட்டும் இறங்கின. படகைப் பாறையோரம் தள்ளிக்கொண்டு வந்தான். ஆர்டிஸ் பாசியில் வழுக்கி, முழங்காலில் அடிபட்டு, பெட்டியருகே இறங்கினாள். உள்ளே பெண் சிங்கிகள். சிலவற்றின் வாலடியில் கருப்பச்சையில் முட்டைகள் கடுகு அப்பியதுபோல அடர்ந்திருந்தன. சிலவற்றில் திட்டுத் திட்டாக. சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

“முட்டைக்காரிய பெட்டியில வெச்சிருந்தா லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும்.”

“துடைக்கிறியா, லைமன்?”

“நானா?” அவன் குரல் உடைந்தது. கோபமா, அழுகையா, நடிப்பா? “என்னைப் பாத்தா கேக்குற?”

“உன்னைப் பாத்துத்தான் கேக்குறேன். வேற யாரும் இங்க இல்ல.”

அவன் சொல்லத் தொடங்கினான். பேசிப் பழகாத மனிதனின் பேச்சு. நடுவில் நின்றது, பின்னால் போனது. ஆகஸ்ட் கடைசியில் கடலடி மேட்டுக்கு அந்தப் பக்கம், சேறு தொடங்குகிற ஆழத்தில், ஒரே கயிற்றில் வந்த முட்டைக்காரிகள் அவன் கையிலேயே முட்டையைக் கொட்டினவாம். தொட்டதும் கொட்டினவாம். ஆர்டிஸ் அன்றைக்குப் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சில முட்டைக்காரிகளைக் கொண்டுவந்து இங்கே வைத்துப் பார்க்கத் தொடங்கினான். வால் வெட்டின புண்ணால்தான் உதிர்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவற்றை வெட்டவும் இல்லை. முழுக்க உதிர்ந்துபோனவற்றைத் திரும்பக் கடலில் விட்டான்.

“விட்டப்புறம்தான் உறுத்துச்சு. முட்டையும் இல்லாம, வெட்டும் இல்லாம போகுதே, எவன் கூண்டுலயாவது மாட்டினா வித்துடுவானேன்னு. இன்னிக்கு அந்தக் கொடுக்கு ஒடிஞ்சவள கண்டதும் கை தானா வெட்டிடுச்சு.”

“ப்ளீச்?”

அவன் தண்ணீரைப் பார்த்தான். “ஒண்ணே ஒண்ணை முக்கினேன். தேய்ச்சேன். தேய்ச்சா எப்படி இருக்கும், தானா உதிர்ந்தா எப்படி இருக்கும்னு பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. அவளை நான் விட்டிருக்கக் கூடாது.”

“அவதான் இன்னிக்கு முதல்ல வந்தா.”

“அவதான்.”

கதை பொருந்தியது. ஒவ்வொரு துண்டும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதுதான் ஆர்டிஸுக்கு உறுத்தியது. துடைக்கிற ஒருவனும், மாட்டிக்கொண்டால் சொல்ல, இந்தப் பெட்டியைப் பார்த்தபடியே இதே கதையைத்தான் கட்டியிருப்பான். மதியம் குஞ்சு பொரித்துவிட்டது என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது. அவனுடைய கண்களைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த கண்கள். அவற்றில் படிக்க முடியாதது எதுவும் இல்லை என்று நேற்றுவரை நினைத்திருந்தாள்.

“கை வெச்சுப் பாரு,” என்று அவன் ஒன்றை எடுத்து நீட்டினான். “அழுத்தாத. சும்மா தடவு.”

அவள் கட்டைவிரலால் தடவினாள். ஆரோக்கியமான முட்டைக்காரியின் முட்டைகள் கல்லில் பாசிபோலப் பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. இவை விரலோடு சரிந்தன. ஈர மணல்போலக் கொத்தாகச் சரிந்து, தண்ணீரில் பிரிந்து, கருப்பச்சைப் பொட்டுகளாக அடிக்கு இறங்கின. மூத்த மகளுக்கு முன்னால் கருவிலேயே கலைந்துபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை உடனே தள்ளிவிட்டு விரலை முகர்ந்தாள். ப்ளீச் வாசனை லேசாக இருந்தது போலிருந்தது. ஆனால் வீட்டில் துணிக்கும் தரைக்கும் அதைத்தான் ஊற்றுகிறாள். அவள் கையில் என்றைக்கு அது இல்லாமல் இருந்தது?

“கயிறைக் கவனிச்சியா?” என்றான் அவன். “அடியிலேர்ந்து வர்ற கயிறு. முன்னெல்லாம் கடைசிப் பாகம் வரும்போது விரல் மரத்துடும். நீ வெந்நீர் வாளியில கைய விட்டுக்கிட்டே இருப்ப. இந்த வருஷம் அந்த வாளிய ஒரு தடவையாவது நெரப்பினியா?”

நிரப்பவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை. வயதானால் கை உணர்ச்சி குறையும் என்று மட்டும் எப்போதோ நினைத்திருந்தாள். படகுக்கடியில், வெளிச்சம் எட்டாத அந்தச் சேற்றில், பாறை இடுக்குகளில், கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கயிறு விட்டுத் தொட்டுப் பார்த்த தரை. அதன் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. ஒரு தடவைகூட யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

“நீ துடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றாள். “நிறுத்துடான்னு சொல்லியிருப்பேன்.”

லைமன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

“அந்தப் பொண்ணு மொட்டையா ஒண்ணு கேட்டா,” என்றாள் ஆர்டிஸ். “மைக்ரோஸ்கோப்புல பாத்தா தேய்ச்சதா, தானா உதிர்ந்ததான்னு தெரிஞ்சிடுமாம். டெல்பர்ட் வாய மூடவும் அது போதும்.”

“முதல்ல ஒண்ணு கேப்பா. அப்புறம் பத்து கேப்பா. அப்புறம் அறிக்கை எழுதுவாங்க. அடுத்த வருஷம் கூண்டு போடாதீங்கன்னு இந்தக் கரையையே மூடிடுவாங்க. படகுக் கடன் யாரு கட்டுவா? நாம மட்டுமா, டெல்பர்ட்டும்தான், எல்லாரும்தான். நான்தான் கூப்பிட்டு வந்து காட்டினேன்னு ஆயிடும். துடைக்கிறவன விட மோசமா பேசுவாங்க.”

“இப்ப மட்டும் என்ன பேசறாங்களாம்? படகுல எம்பேரு எழுதியிருக்கு, உம்பேரு இல்ல.”

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பாறைகளின் பாசி ஒவ்வொன்றாக எழுந்து மிதந்தது. பிறகு அவன் பெருமூச்சோடு பெட்டிக்குள் கையை விட்டான். மொட்டையான ஒன்றை எடுத்துத் திருப்பி, வாலடியைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டான். இன்னொன்றை எடுத்தான். அதையும் உற்றுப் பார்த்தான். அதையும் போட்டான். மூன்றாவதைத் தேடினான்.

ஆர்டிஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதை ஒதுக்கிவிட்டு எதைத் தேடுகிறது அது?

“பொறுக்கி எடுக்காத,” என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, கை மெதுவாக வெளியே வந்தது. மூடியைச் சாத்தி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். சட்டங்களுக்கு நடுவே தெரிந்தது: விளிம்போரம் ஒருத்தி வாலை வளைத்து, ஒரு முட்டைகூட இல்லாத வாலடியின் சின்னத் துடுப்புகளை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தாள். முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் வீசுவதற்காக அவை காலமெல்லாம் அசைக்கிற அசைவு.

“கைய எடு, லைமன். நான் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்துக்கறேன். எது வருதோ அது.”

அவனுடைய கை மூடியின் மேலேயே இருந்தது. உள்ளே அந்தத் துடுப்புகள் வீசிய தண்ணீர், சட்டங்களின் இடுக்கு வழியாகச் சின்னச் சின்னதாக வந்து அவன் விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது.